மூன்று வயது சுகர் கிளைடர், மகள் போனபின் தனியாக இருக்கிறது. துணை சேர்க்கலாமா?

இர்விங்வாசி (டெக்சாஸ்) – செப்டம்பர் 9

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிக்க மட்டும் வந்துபோனவன், இன்றுதான் முதல் முறை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு சுகர் கிளைடர் (மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் போகும், இரவில் விழித்திருக்கும் சின்னப் பிராணி) இருக்கிறது. பெண். பெயர் சீனி. வயது மூன்று. மகள் பத்தாவது படிக்கும்போது ஒரு மாலில் தற்காலிகமாகக் கடை போட்டிருந்தவர்களிடம் வாங்கியது. "ஒன்று போதும், நீங்கள்தான் இனிமேல் அதன் கூட்டம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் தெரிந்தது. மகளும் அப்படித்தான் பார்த்துக்கொண்டாள். பள்ளி விட்டு வந்ததும் ஃப்ளீஸ் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். வீட்டுப்பாடம் முடிகிறவரை சீனி அதற்குள் சுருண்டு தூங்கும். இரவு ஒன்பது மணிக்கு அவள் அறையில் சின்ன டென்ட் விரித்து, அதற்குள் இரண்டு பேரும் பதினொரு மணி வரை விளையாடுவார்கள்.

ஆகஸ்ட் 18 அன்று மகள் ஆஸ்டினுக்குக் கல்லூரி போய்விட்டாள். விடுதியில் பிராணி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. நான் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை வேலை. மனைவி மருத்துவமனை லேபில் வேலை செய்கிறார், விடியற்காலை நாலரைக்கு எழுந்தாக வேண்டும். நான் தினமும் ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை சீனியோடு உட்காருகிறேன். என்னிடம் வருகிறது, தோளில் ஏறுகிறது. ஆனால் ஐந்து நிமிடத்தில் இறங்கிப்போய்க் கதவிடுக்கில் மோப்பம் பிடிக்கிறது.

மூன்று விஷயம் கவலையாக இருக்கிறது. இரவு இரண்டு மணி வாக்கில் சின்ன நாய்க்குட்டி போல "வக்... வக்..." என்று விட்டு விட்டுக் கத்துகிறது. நேற்று இருபது நிமிடம். முன்பு எப்போதாவது கத்தும், இப்போது தினமும். அடுத்தது, வால் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு டைம் (பத்து சென்ட்) நாணயம் அளவுக்கு முடி மெலிந்திருக்கிறது. கடைசியாக, கிச்சன் தராசில் நிறுத்தேன். ஜூலையில் 104 கிராம் என்று மகள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். இப்போது 97.

இன்னொன்று வாங்கிச் சேர்க்கலாமா? ஆணா பெண்ணா? குட்டியா பெரியதா? சேர்த்தால் சண்டை போடுமா? மகள் நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வரும்போது சீனி அவளை மறந்திருந்தால் அவள் தாங்கமாட்டாள். மனைவி சொல்வதையும் எழுதிவிடுகிறேன். "இன்னொன்று வந்தால் இன்னொரு பத்து பன்னிரண்டு வருஷம். ஒன்று போனால் மறுபடியும் ஒன்று தனியாக நிற்கும். அப்போதும் இதே கேள்வி கேட்பீங்களா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை.

---

நாலுகால் நர்ஸ் (டல்லாஸ் பக்கம்) – செப்டம்பர் 9

சார், நான் எக்ஸாட்டிக் (நாய், பூனை அல்லாத) பிராணிகள் பார்க்கும் வெட் கிளினிக்கில் டெக்னீஷியன். துணையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் இந்த வாரமே சீனியை டாக்டரிடம் காட்டுங்கள். நாய், பூனை மட்டும் பார்க்கும் இடம் வேண்டாம். கிளைடர் பார்த்துப் பழகினவர்களாகக் கேட்டுப் போங்கள்.

வாலடியில் முடி போவது தனிமையாலும் இருக்கலாம். ஆனால் சிறுநீர்ப் பாதையில் தொற்று இருந்தாலும், குடலில் கிருமி இருந்தாலும், அங்கே இருக்கும் சுரப்பியில் பிரச்சினை இருந்தாலும் அதே இடத்தைத்தான் நக்கி நக்கி முடியை எடுத்துவிடும். "தனியாக இருக்கிறது, அதனால்தான்" என்று நாமே முடிவு கட்டிவிட்டு உள்ளே இருக்கும் வலியைத் தவறவிட்டுவிடக் கூடாது. நக்குவது கடிப்பதாக மாறினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இவை தன் வாலையும் காலையும் தானே கடித்துக் குதறிக்கொள்ளும். காலையில் பார்க்கும்போது நிலைமை கைமீறிப் போயிருக்கும். கழுத்துக்குக் காலர் போட்டு, வலி மருந்து கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டிவரும்.

என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லையே?

---

இர்விங்வாசி – செப்டம்பர் 10

நன்றிம்மா. வெள்ளிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைத்திருக்கிறது. சாப்பாடு, வாங்கும்போது அவர்கள் சொன்னதுதான்: பெல்லட், தினமும் ஒரு துண்டு ஆப்பிள், மேலே தூவ ஒரு வைட்டமின் பொடி. மகள் கூடுதலாக உலர்ந்த புழு கொடுப்பாள், அது சீனிக்கு உயிர்.

---

மரப்பொந்து (ஹூஸ்டன்) – செப்டம்பர் 10

தம்பி, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. கதவிடுக்குல மோப்பம் பிடிக்குதுன்னு எழுதினீங்க பாருங்க, அதை நான் கண்ணால பார்த்திருக்கேன். நான் இதுங்களோட ஒன்பது வருஷமா இருக்கேன். இப்ப வீட்டுல இருக்கிறது அவல், கடலைன்னு ரெண்டு கிளைடர். பொரின்னு ஒருத்தன் இருந்தான், போன வருஷம் போயிட்டான்.

இதுங்க பல காரணத்துக்குக் குரைக்கும். பயந்தாக் குரைக்கும், ஜன்னல்ல நிழல் ஆடினாக் குரைக்கும். ஆனா கூட இருந்த ஆள் போன அப்புறம் தினமும் ஒரே நேரத்துல குரைக்குதுன்னா அது கூப்பிடுறதுதான். உங்க மக இருந்த நேரத்துல சீனிக்கு விளையாட ஆள் இருந்தது, சூடு இருந்தது. அப்பக்கூட பதினொரு மணிக்கு மேல ஒத்தையாத்தான் இருந்திருக்கும். நாம தூங்குற நேரம்தானே அதுக்குப் பகல். நம்மால எவ்வளவு அன்பு வெச்சாலும் ராத்திரி மூணு மணிக்கு அது காதுக்குப் பின்னாடி நக்கிவிட முடியாது. அதனால என் பதில்: துணை வேணும். கட்டாயம் வேணும். ஆனா நான் செஞ்ச மாதிரி செஞ்சிடாதீங்க.

2016. பொரிக்கு அப்ப ஒரு வயசு தாண்டியிருந்தது. அவலை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்தேன். ரெண்டும் ஒரே ஜாதி, பார்த்த உடனே ஒட்டிக்கும்னு நெனச்சு, ராத்திரி ஒன்பது மணிக்குப் பொரியோட கூண்டுலயே விட்டுட்டேன். முதல்ல அந்தச் சத்தம் வந்தது. கிரைண்டர்ல உளுந்து போடாம வெறுமனே ஓடவிட்டா ஒரு கரகரப்பு வருமே, அது. அடுத்த நொடி ரெண்டும் ஒரே பந்தாச் சுருண்டு கூண்டுத் தரையில உருளுது. எது தலை எது வால்னு தெரியல. நான் கையை விட்டுப் பிரிச்சேன், என் கட்டைவிரல்ல எலும்பு வரைக்கும் பல்லு இறங்கிச்சு. எல்லாம் சேர்த்து ரெண்டு நிமிஷம் இருக்கும். அதுக்குள்ள அவலோட காது ஓரம் கிழிஞ்சு, வலது முன்னங்கையில ஒரு விரல் போயிருச்சு. சீரகம் அளவு விரல் தம்பி. இன்னைக்கும் அவ கம்பியைப் பிடிச்சு நிக்கும்போது அந்த இடத்துல ஒரு சந்து தெரியும். நான் தினமும் அதைப் பார்த்துக்கிட்டுத்தான் சாப்பாடு வைக்கிறேன்.

தப்பு பொரி மேல இல்ல. இதுங்க கண்ணால ஆளைத் தெரிஞ்சுக்கிறதில்ல, மூக்காலதான். ஆண் கிளைடருக்கு நெத்தியில, நாமம் போடுற இடத்துல, வைர வடிவுல ஒரு வழுக்கை இருக்கும். அது மணச் சுரப்பி. நெஞ்சுலயும் ஒண்ணு உண்டு. அதைக் கூட்டத்துல இருக்கிற ஒவ்வொண்ணு மேலயும் தேய்ச்சுத் தேய்ச்சு எல்லாத்துக்கும் ஒரே மணம் ஆக்கி வெச்சிருக்கும். அந்த மணம் இருந்தா நம்ம ஆளு. இல்லைன்னா திருடன். நான் நடுராத்திரி அவன் வீட்டுக்குள்ள ஒரு திருடனை விட்டேன்.

மறுபடி ஆரம்பிச்சப்ப அஞ்சு வாரம் எடுத்துக்கிட்டேன். எப்படின்னு சொல்றேன்.

புதுசு வந்ததும் வேற அறை, வேற கூண்டு, முப்பது நாள். உங்க பழைய கூண்டுக்குப் பக்கத்துலகூட வேணாம். புதுசுக்குச் சாப்பாடு வெச்சா கையைக் கழுவி, சட்டையை மாத்திட்டு சீனிகிட்டப் போங்க. மோஷன் டெஸ்ட்ல சுத்தம்னு வர்ற வரைக்கும் ஒண்ணோட துணியை இன்னொண்ணுக்குக்கூட மாத்த வேணாம். டெஸ்ட் முடிஞ்சதும் ரெண்டு கூண்டையும் ஒரே அறைக்குக் கொண்டுவாங்க, நடுவுல ஒரு அடி இடைவெளி விட்டு. ஒட்டி வெச்சா கம்பிக்குள்ள கையை விட்டு விரலைக் கடிச்சிரும். அப்புறம் தூங்குற பையை மாத்துறது. இது தூங்கின பை அதுக்கு, அது தூங்கினது இதுக்கு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா. பொரி முதல் நாள் அவலோட பையைக் கடிச்சு இழுத்துக் கீழ தள்ளிட்டான். நாலாவது தடவை சும்மா முகர்ந்துட்டுப் பக்கத்துல உட்கார்ந்தான். ஏழாவது தடவை உள்ள போய்த் தூங்கினான். அந்தத் தூக்கம்தான் கணக்கு. நாள் கணக்கு இல்ல. சிலதுக்கு ரெண்டு வாரம், சிலதுக்கு ரெண்டு மாசம்.

நேரா சந்திக்க விடுறது பகல்ல. மத்தியானம் ரெண்டும் அரைத் தூக்கத்துல இருக்கும்போது. ரெண்டுக்கும் சொந்தமில்லாத இடமா இருக்கணும். உங்க மக டென்ட்ல சீனியோட மணம் ஊறிக்கிடக்கும், அது வேணாம், புதுசா ஒண்ணு வாங்குங்க. இல்லைன்னா வினிகர் தண்ணியில துடைச்ச குளியலறைத் தொட்டி போதும். கையில ஒரு தடிமனான துண்டு இருக்கட்டும். துரத்துறது, கரகரன்னு கத்துறது, ஒண்ணு இன்னொண்ணு தலையைத் தேய்க்கிறது, இதெல்லாம் பேச்சுவார்த்தை. விட்டுருங்க. பந்தாச் சுருண்டு உருண்டுச்சுன்னா துண்டைப் போட்டுப் பிரிச்சிட்டு அன்னைக்கு முடிச்சிருங்க. மறுநாள் ரெண்டு படி பின்னாடி போய்ப் பையை மாத்துறதுல இருந்து தொடங்குங்க.

கடைசியா கூண்டு. சீனி இருக்கிற கூண்டுலயே புதுசை விடக் கூடாது. ஒண்ணு புதுக் கூண்டு, இல்ல பழையதைச் சுத்தமாக் கழுவி, பை, கயிறு, பொம்மை எல்லாத்தையும் மாத்தி, அடையாளமே தெரியாம ஆக்கணும். சாப்பாட்டுத் தட்டு ரெண்டு, தூங்குற பை ரெண்டு. முதல் ராத்திரி பக்கத்துலயே பாயைப் போட்டுப் படுங்க.

சாப்பாட்டைச் சொல்லியே ஆகணும். அந்த பெல்லட்டும் ஆப்பிளும் போதாது தம்பி. உலர்ந்த புழுவுல பாஸ்பரஸ் ஜாஸ்தி, கால்சியம் ரொம்பக் கம்மி. பாஸ்பரஸ் ஒரு பங்குன்னா கால்சியம் ரெண்டு பங்கு வேணும். அது குறைஞ்சா எலும்புல இருந்து இழுத்துக்கும், ஒரு நாள் பின்னங்கால் ரெண்டும் இழுத்துக்கிட்டு நகரும். ஹெச்.பி.டபிள்யூ., டி.பி.ஜி.ன்னு கிளைடர் வளர்க்கிறவங்க ரொம்ப நாளாப் பயன்படுத்துற சாப்பாட்டு முறை இருக்கு. ஒண்ணை எடுத்து அளவு மாத்தாம செய்ங்க, அதுல கொஞ்சம் இதுல கொஞ்சம்னு கலக்காதீங்க. ஐஸ் டிரேயில ஊத்தி உறைய வெச்சா ஒரு மாசத்துக்கு வரும். ரெண்டும் முன்கூட்டியே ஒரே சாப்பாட்டுக்கு வந்துட்டா உடம்பு மணமும் கிட்ட வரும்னு எங்க அனுபவம்.

உங்க வீட்டம்மா கேட்டது சரியான கேள்வி. பொரி போனப்ப அதே இடத்துலதான் நானும் நின்னேன். அவல் மூணு நாள் அவன் பையை விட்டு வெளிய வரல. அவளுக்காகக் கடலையைக் கொண்டுவந்தேன். இதுக்கு நான் கண்ட வழி, குட்டி வாங்காம, கைவிட்ட பிராணிகளைப் பார்த்துக்கிற ரெஸ்க்யூவுல இருந்து அதே வயசுல ஒண்ணைக் கூட்டிட்டு வர்றது. "நாளைக்கு என்னால முடியலைன்னா திரும்ப எடுத்துக்குவீங்களா"ன்னு முதல்லயே கேட்டு எழுதி வாங்கிக்கங்க. நல்ல இடமா இருந்தா அவங்களே அப்படித்தான் கொடுப்பாங்க.

இன்னொண்ணு. 2021 பிப்ரவரியில டெக்சாஸ்ல பல இடத்துல கரண்ட் போச்சே, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எங்க வீட்டுக்குள்ளயே 46 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு வந்துருச்சு. இதுங்களுக்கு 75க்குக் கீழ ரொம்ப நேரம் போகக் கூடாது, குளிர்ல விறைச்சு மயக்கம் மாதிரி ஆயிரும். நான் பையை ஸ்வெட்டருக்குள்ள போட்டுக்கிட்டு ரெண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தேன். உள்ள கையை விட்டுப் பார்ப்பேன். அவல் நடுவுல, பொரி அவளைச் சுத்தி வட்டமா, வாலை அவ மூக்கு மேல போட்டு மூடிக்கிட்டு. விரலைக் கடிச்சவன் அவன்தான்.

---

கரோலினா காற்று (சார்லட்) – செப்டம்பர் 11

மரப்பொந்து அக்கா சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். ஆனால் இன்னொரு வழியையும் யாராவது சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

எங்களிடமும் ஒன்று இருந்தது, ஆண், நான்கு வயது. அந்தச் சமயம் எனக்கு வேலையில் மாதம் இரண்டு வாரம் பயணம். மனைவிக்குப் பிரசவ நேரம். இரண்டாவதைக் கொண்டுவந்து இரண்டு மாதம் பொறுமையாகச் சேர்க்க எங்களால் முடியாது என்று உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம். நியூட்டர் (ஆணுக்குக் கருத்தடை) செய்து, ஏற்கெனவே மூன்று கிளைடர் வைத்திருந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தோம். காசு வாங்கவில்லை, கூண்டையும் கொடுத்துவிட்டோம். அவர்கள் ஏழு வாரம் எடுத்துச் சேர்த்தார்கள். நான்கும் ஒன்றன்மேல் ஒன்று தூங்கும் படம் அனுப்பினார்கள். அன்று அழுதேன், நல்லதற்குத்தான் செய்தோம் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

உங்கள் வீட்டில் மூன்று பேரும் மனதார ஒத்துக்கொண்டால் இரண்டாவதைக் கொண்டுவாருங்கள். மனைவி அரை மனதோடு தலையாட்டினால் வேண்டாம். சீனியை ஒரு கூட்டத்துக்குக் கொடுப்பதும் சீனிக்குத் துணை தேடுவதுதான். மகளிடமும் கேளுங்கள், அது அவளுடைய பிள்ளை.

---

நாலுகால் நர்ஸ் – செப்டம்பர் 11

ஆணா பெண்ணா என்று கேட்டதற்குப் பதில். தனியாக இருக்கும் பெண்ணுக்கு, நியூட்டர் செய்த ஆண்தான் சேர்ப்பதற்கு ஓரளவு சுலபம் என்று நாங்கள் சொல்வோம். இரண்டு பெண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போகும், ஆனால் உறுதி கிடையாது. நியூட்டர் செய்யாத ஆண் வேண்டவே வேண்டாம். சினைக்காலம் 16 நாள்தான். குட்டி அரிசி மணி அளவில் பிறந்து, தானே ஊர்ந்து வயிற்றுப் பைக்குள் போய், அங்கே சுமார் 70 நாள் இருக்கும். உங்களுக்குத் தெரிய வரும்போது பை புடைத்திருக்கும். அதிலும் மாலில் விற்கும் பிராணிகளுக்குத் தாய் தகப்பன் யார் என்ற விவரமே இருக்காது, அண்ணன் தங்கையாகக்கூட இருக்கலாம்.

பெண்ணுக்குக் கருத்தடை செய்வது வழக்கம் இல்லை. உள்ளுறுப்பு அமைப்பு சிக்கலானது, ஆபரேஷன் ஆபத்தானது. அதனால் ஆணுக்குத்தான். செய்தபின் நெற்றி வழுக்கை மெல்ல மெல்ல முடி வந்து மூடும், உடம்பு வாசமும் குறையும். ஆனால் ஆபரேஷன் ஆன கையோடு பெண்ணோடு விட்டுவிடாதீர்கள், சில வாரங்களுக்கு உயிரணு மிச்சம் இருக்கும். தையலைக் கடிக்கிறதா என்று முதல் மூன்று நாள் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும். ரெஸ்க்யூவில் ஏற்கெனவே செய்து கொடுத்துவிடுவார்கள், அக்கா சொன்ன அந்த வழி இதனாலும் நல்லது.

மலப் பரிசோதனை ஒரு தடவை போதாது. ஜியார்டியா கிருமி எல்லா நாளும் மலத்தில் வெளிவராது. வெவ்வேறு நாளில் எடுத்த மூன்று சாம்பிள் கொடுங்கள். சீனிக்கும் எடுங்கள். நோய் புதிதாக வருவதிடம்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

---

யாரா ஆற்றங்கரை (மெல்பேண்) – செப்டம்பர் 12

நான் கிளைடர் வளர்க்கிறதில்லை. இங்கே எங்கட ஊரில அது காட்டில இருக்கிற பிராணி, விக்டோரியா மாநிலத்தில வளர்க்கிறதெண்டால் லைசென்ஸ் வேணும். ஆனால் இரண்டு வருசமா மரங்களில கட்டின கூட்டுப் பெட்டிகளைப் பார்த்துக் கணக்கெடுக்கிற தொண்டர் குழுவில போய்வாறன். அதால கண்டதைச் சொல்லலாம் எண்டு வந்தன்.

ஏணி வைச்சு ஏறிப் பெட்டி மூடியைத் திறந்தால் முதலில பிராணி தெரியாது. யூகலிப்டஸ் இலைகள் தான் தெரியும், பச்சையும் காய்ந்ததுமா வட்டமா அடுக்கி, குருவிக்கூடு மாதிரி. இலையை வாலில சுருட்டிப் பிடிச்சுக்கொண்டு மரத்துக்கு மரம் கொண்டுவரும். இலையை மெதுவா விலக்கினால் உள்ளே ஒரு சாம்பல் நிறப் பஞ்சு உருண்டை. நடுமுதுகுக் கறுப்புக் கோட்டை எண்ணித்தான் எத்தினை எண்டு சொல்லலாம். நான் கண்டதில கூட எண்டால் ஐந்து. ஒண்டு மட்டும் தனிய இருந்த பெட்டியை நான் இரண்டு வருசத்தில இரண்டே தரம் தான் கண்டிருக்கிறன்.

இங்கே இருக்கிறதைச் சுகர் கிளைடர் எண்டுதான் முந்திச் சொன்னவை. 2020இல அதை மூண்டு இனமாப் பிரிச்சபிறகு எங்கட பக்கத்தில இருக்கிறதுக்கு கிரெஃப்ட்ஸ் கிளைடர் எண்டு பேர். உங்கட சீனி இங்கத்தைய பிராணி இல்லை. அமெரிக்காவில வீடுகளில இருக்கிறதுகளின்ர பூர்வீகம் இந்தோனேசியாவின்ர பப்புவாப் பகுதியில சோரோங் எண்ட இடத்துப் பக்கம் எண்டு 2019இல மரபணு பார்த்துக் கண்டுபிடிச்சவை.

குளிர்காலத்தில பூச்சி குறைஞ்சால் இதுகள் வாட்டில் மரத்துப் பட்டையைப் பல்லால கீறி, அதில வடியிற பிசினைத் தான் நக்கும். வாட்டில் எண்டால் எங்கட வேல மரத்துக்குச் சொந்தக்கார மரம். ஊரில அம்மம்மா இடுப்பு நோவுக்கு வேலம்பிசின் ஊறவைச்சுத் தருவா. இதுகள் நக்கிற மரத்தைப் பார்க்கிற நேரமெல்லாம் அது ஞாபகம் வரும். அக்கேசியா பிசின் தூள் உங்கட இந்தியக் கடைகளில இருக்கும், மருத்துவரிட்டக் கேட்டுப்போட்டு ஒரு விறகுத்துண்டில துளை போட்டுப் பூசிக் குடுத்துப் பாருங்கோ. இரவில தனிய இருக்கிற நேரம் அதைச் சுரண்டிக்கொண்டு இருக்கிறது அதுக்கு ஒரு வேலை.

---

இர்விங்வாசி – செப்டம்பர் 14

எல்லோருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு பதிலையும் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். மகள் போனில் கேட்டாள்.

டாக்டர் பார்த்தார். சிறுநீரில் தொற்று இல்லை, மலத்திலும் ஒன்றும் இல்லை. வாலடி முடி அதிகமாக நக்கியதால்தான் என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு கொஞ்சம் மெலிந்திருக்கிறது, இன்னும் கெட்டுப்போகவில்லை, சாப்பாட்டை உடனே மாற்றுங்கள் என்றார். மரப்பொந்து அக்கா அதை முன்பே எழுதியிருந்தார்கள். மூன்று வருடம் அந்தப் பொடியை நம்பித் தூவிக்கொண்டிருந்தோம்.

சார்லட் நண்பர் சொன்னதைத்தான் அதிகம் யோசித்தோம். இரண்டு நாள் மகள் பதில் சொல்லவில்லை. பிறகு, "சீனிக்கு எது நல்லதோ அது, என்னை நினைக்க வேண்டாம்" என்று அனுப்பினாள். அதைப் படித்துவிட்டு மனைவிதான் முடிவு சொன்னார். "இவ்வளவு நாள் அது தனியா இருந்ததே நமக்குத் தெரியல. இப்பத் தெரிஞ்சப்புறம் நாமளே சரிசெய்வோம்."

ரெஸ்க்யூ தேட ஆரம்பித்துவிட்டேன்.

---

இர்விங்வாசி – நவம்பர் 20

சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செப்டம்பர் 27 அன்று ஓக்லஹோமா எல்லைப் பக்கம் ஒரு ரெஸ்க்யூவிலிருந்து நான்கு வயது ஆண் ஒன்றைக் கூட்டிவந்தோம். நியூட்டர் ஆகி ஒரு வருடம் ஆகிறது. அதன் ஜோடி ஜூனில் இறந்துபோனதாம். முடியாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். சீனியைவிட ஒரு சாயல் கறுப்பு. மகள் வீடியோவில் பார்த்துவிட்டுக் கருப்பட்டி என்று பெயர் வைத்தாள்.

முப்பது நாள் விருந்தினர் அறையில் தனியாக வைத்தோம். மூன்று சாம்பிளும் சுத்தம். அக்டோபர் 28இலிருந்து பையை மாற்றினோம். சீனி முதல் இரண்டு தடவையும் கருப்பட்டியின் பை மேல் சிறுநீர் கழித்துவிட்டு மேல் தட்டுக்கு ஏறிப் போய்விட்டது. ஐந்தாவது தடவை காலையில் பார்த்தால் அதற்குள் தூங்கிக்கொண்டிருந்தது. மனைவி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் என்னை எழுப்பிக் காட்டினார்.

நவம்பர் 8, சனிக்கிழமை மதியம், புது டென்ட். நான் உள்ளே, மனைவி வெளியே துண்டோடு. சீனிதான் கத்தியது. அக்கா சொன்ன அந்த கிரைண்டர் சத்தம். எனக்குக் கை நடுங்கியது. கருப்பட்டி கிட்டேயே போகவில்லை. ஒரு மூலையில் மல்லாந்து படுத்துக்கொண்டு நான்கு காலையும் மேலே தூக்கி வைத்தது. சீனி போய் முகரும், கத்தும், திரும்பி வரும், மறுபடி போகும். இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டோம். மறுநாளும் அதே. மூன்றாவது நாள் ஒரு துரத்தல், கருப்பட்டியின் முதுகில் ஒரு பிடி முடி போனது. பந்தாக உருளவில்லை, ரத்தம் இல்லை. ஆனாலும் இரண்டு நாள் நிறுத்திப் பையை மட்டும் மாற்றினோம். அதற்கப்புறம் சீனி அதன் காதுக்குப் பின்னால் நக்க ஆரம்பித்தது.

15ஆம் தேதி கூண்டை வினிகரில் கழுவி, எல்லாவற்றையும் மாற்றி, இரண்டையும் விட்டோம். பாயைப் போட்டு நான் படுத்திருந்தேன். பை இரண்டு தொங்கவிட்டிருந்தேன். நான்கு மணிக்கு டார்ச்சை விரலால் மறைத்துப் பார்த்தேன். இடது பக்கப் பை காலியாகத் தொங்கியது. வலது பக்கப் பையிலிருந்து வால் இரண்டு வெளியே.

அன்றிலிருந்து இரவுக் குரைப்பு ஒரே ஒரு முறைதான், அதுவும் பக்கத்து வீட்டு நாய்க்குப் பதிலாக. வாலடியில் குட்டை முடி முளைத்திருக்கிறது. இன்று காலை எடை 103. என்னிடம் வருவது குறையும் என்று பயந்தேன். முதல் நான்கைந்து நாள் குறைந்தது. இப்போது சீனி என் தோளுக்கு வந்தால் கருப்பட்டியும் பின்னாலேயே வருகிறது.

யாரா ஆற்றங்கரை ஐயா, விறகுத்துண்டில் பூசிய பிசினுக்கு இரண்டும் போட்டி. இரண்டு துண்டு வைத்த பிறகு சரியாகிவிட்டது.

அக்கா, இன்னும் ஒரு கேள்வி. அடுத்த வியாழன் தேங்க்ஸ்கிவிங், மகள் புதன்கிழமை இரவு வருகிறாள். அவள் ஆகஸ்டில் போட்டுவிட்டுப் போன டி-ஷர்ட் ஒன்று துவைக்காமல் அலமாரியில் இருக்கிறது. அதைக் கூண்டுக்குள் வைக்கலாமா? சீனிக்கு ஞாபகம் வரும், ஆனால் கருப்பட்டி புது மணம் என்று பயந்துவிடுமோ?

---

மரப்பொந்து – நவம்பர் 20

தம்பி, வால் இரண்டுன்னு படிச்சிட்டு இங்க அவல் கூண்டைப் போய் ஒரு தடவை பார்த்துட்டு வந்தேன். நல்லா இருங்க, உங்க வீட்டம்மாவுக்கும் சொல்லுங்க.

டி-ஷர்ட்டைத் தாராளமா வைங்க. முழுசா வேணாம், நகத்துல நூல் மாட்டிக்கும். கை ஓரத்துல உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ஓரம் பிரியாம மடிச்சுத் தைச்சு, ரெண்டும் சேர்ந்து தூங்குற அந்த வலது பக்கப் பைக்குள்ள அடியில போடுங்க. இன்னைக்கே போட்டுருங்க. அவ வர்றதுக்குள்ள ஆறு நாள் இருக்கு, கருப்பட்டிக்கும் அந்த மணம் வீட்டு மணம் ஆயிரும். மக வந்த அன்னைக்கு சென்ட் எதுவும் போடாம, பையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு உட்காரச் சொல்லுங்க. முதல்ல எது தலையை வெளிய நீட்டுதுன்னு எனக்கு எழுதுங்க.